கொசுக்கடி

1997 ஜனவரி 29, புதன்

இந்த டைரி அப்பாவுக்கு ஆபீசில் கிடைத்தது. அப்பா மின்சார வாரியத்தில் வயர்மேன். கம்பத்தில் ஏறுகிறவனுக்கு டைரி எதற்கு என்று என்னிடம் தந்துவிட்டார். இத்தனை நாள் அலமாரியில் கிடந்தது. இன்றைக்கு எடுத்துத் தூசி தட்டினேன். வீட்டில் பேச்சுக்கு ஆள் இல்லை, அதுதான் காரணம்.

என் பெயர் உலகம்மாள். எங்கள் தென்காசிக் கோயில் அம்மன் பெயர். வகுப்பில் என்னையும் சேர்த்து மூன்று உலகம்மாள் இருக்கிறோம். வீட்டில் உலகு. ஏழாம் வகுப்பு, பி பிரிவு.

முந்தாநாள் அம்மாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் நான் ஒரே பிள்ளை. இப்போது திடுதிப்பென்று ஒரு தம்பி. கணக்கு டீச்சர், "என்னட்டி, ஒங்க வீட்ல விசேஷமாமே" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் உட்காருகிற மெர்சி மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார்கள். அம்மாவைப் பெற்றவள் இப்போது இல்லை. அதனால் பிள்ளை பெற்ற வீட்டைப் பார்த்துக்கொள்ள சுரண்டையிலிருந்து பெரியம்மா வந்திருக்கிறாள். அம்மாவின் அக்கா. வாசலுக்கு வரும்போதே அதிகாரம். "ஏட்டி உலகு, மசமசன்னு நிக்காம வெந்நி போடு."

அதைப் பார்த்தேன். சிவப்பாக, முகமெல்லாம் சுருங்கி, கண்ணைத் திறக்காமல் கிடந்தது. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, "தொட்டுப் பாரு" என்றாள். நான் கையை நீட்டினேன். "கை கழுவினியாட்டி?" என்று பெரியம்மா கத்தினாள். கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அது பால் குடித்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுதியே ஆக வேண்டும்.

அம்மாவின் பாக்கு நிற நூல் சேலை ஒன்று உண்டு. அம்மா அதைக் கட்டுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. நான்தான் போர்த்திக்கொள்வேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்டது. அதன் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். இது பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் வந்து பார்த்தால் நடு அறையில் அந்தச் சேலை தொட்டிலாகத் தொங்குகிறது. அதற்குள் அது. பெரியம்மா ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அது என் சேலை" என்றேன்.

"ஒன் சேலையா? ஒன் கல்யாணத்துக்கு எடுத்ததா?" என்று பெரியம்மா கேட்டாள். அப்பாகூடச் சிரித்தார். அம்மா அடுத்த பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தாளா தெரியவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் எட்டு மூத்திரத்துணி அலசினேன். சாயங்காலம் பதினொன்று. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்றிலிருந்து மெர்சி வரவில்லை. அவளுக்கு அம்மை போட்டிருக்கிறதாம். டீச்சர் வகுப்பில் சொன்னார்: "உடம்புல எங்கயாவது நீர் கோத்த மாதிரி ஒரு கொப்புளம் இருந்தாக்கூட வீட்ல சொல்லிரணும். மறைச்சு வச்சுக்கிட்டு இங்க வரப்படாது."

வீட்டில் சொன்னேன். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஒனக்கு இன்னும் வந்ததில்லயே. அவ பக்கத்துலயா இருந்தே?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைவரை ஒரே பெஞ்சுதான், அவளுடைய புளிச்சாதத்தில் பாதியை நான்தான் தின்றேன். அதைச் சொல்லவில்லை. "கொஞ்சம் தள்ளித்தான்" என்றேன். அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பதினைந்து நாளுக்குப் பிறகு அம்மாவின் கை. உடனே அது அழுதது. கையை எடுத்துவிட்டாள்.

இப்போது பெஞ்சில் நான் மட்டும் உட்காருகிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்றைக்கு ஒரு நல்ல விஷயம். அதற்கு இருபத்தாறாம் தேதி பெயர் வைக்கிறார்கள். முப்பத்தொன்றாம் நாள். அத்தைதான் பிள்ளையை மடியில் வைத்து, காதோரம் வெற்றிலையைப் பிடித்து, மூன்று தடவை பெயர் சொல்ல வேண்டும். அப்பாவுடன் பிறந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். எங்களுக்கு அத்தையே கிடையாது.

"அதுக்கென்ன, நான் சொல்லுதேன்" என்றாள் பெரியம்மா.

"வேண்டாங்க்கா" என்றாள் அம்மா. "அக்காக்காரி இருக்காள்லா. உலகு சொல்லட்டும்."

"சின்னப்பிள்ளைட்ட விடுத காரியமா இது? பிள்ளைய கீழ போட்டுட்டான்னா?"

"என் மக போட மாட்டா" என்றாள் அம்மா. அம்மா அக்காவை எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. "அவதான் சொல்லணும். வேற யார் சொன்னாலும் எனக்குச் சம்மதமில்ல."

பெரியம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் உருளுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 19, புதன்

பெயர் குற்றாலிங்கம். அப்பா முடிவு செய்துவிட்டார். ஒரு முழத்துக்குக்கூட வராத பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பெயர்! நின்று நிதானமாகச் சொல்லாவிட்டால் நடுவில் தடுக்குகிறது. குளிக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போகிறேன். பால்காரர் யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்திருக்கிறார்கள். கத்தரிப்பூ நிறம். சட்டைக்குப் பின்பக்கம் ஹூக்கு. அம்மா போட்டுப் பார்க்கச் சொன்னாள். "நல்லாருக்குட்டி" என்றாள். அதற்கும் சேர்த்து இரண்டு சொக்காய். அதன் கை என் கட்டைவிரல் நீளம்தான்.

அம்மாவிடம் நிறையச் சொல்ல இருந்தது. பெஞ்சில் தனியாக இருப்பது, கணக்குப் பரீட்சை, எல்லாம். பாதியில் அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். மீதியைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

உடம்பு வலிக்கிறது. காலையிலிருந்து தோரணம் கட்டினேன், அதனால் இருக்கும். சாப்பாடு இறங்கவில்லை. நாளைக்குப் பெயர் வைக்கிறார்கள், அதனால் இருக்கும்.

பிப்ரவரி 26, புதன்

குளிக்கும்போது வயிற்றில் ஒரு கொசுக்கடி இருந்தது. தொப்புளுக்குப் பக்கத்தில். எங்கள் தெருச் சாக்கடையில் கொசு அதிகம்.

அம்மாதான் எனக்குச் சட்டை ஹூக்கு மாட்டிவிட்டாள். மூன்று ஹூக்கு மாட்டினாள். நான்காவதில் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்குத் திக்கென்றது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. கொசு கடிச்சிருக்கு."

மிச்ச ஹூக்கையும் மாட்டிவிட்டு என் தலையில் பூ வைத்தாள். அம்மாவே கொசு என்று சொல்லிவிட்டாள். அப்புறம் எனக்கென்ன?

வீடு நிறைய ஆட்கள். நடு அறையில் பாயில் என்னை உட்காரவைத்து மடியில் பிள்ளையை வைத்தார்கள். பெரியம்மா கழுகு மாதிரி பக்கத்திலேயே நின்றாள். அது அன்றைக்குப் பார்த்த மாதிரி இல்லை. தலையில் முடி இருந்தது. மை பூசிய கண்ணைத் திறந்து என்னையே பார்த்தது. என் வாய் அசைவதைப் பார்த்துத் தன் வாயையும் அசைத்தது. நான் குனிந்து, வெற்றிலையை ஓரமாகப் பிடித்து, குற்றாலிங்கம், குற்றாலிங்கம், குற்றாலிங்கம் என்று சொன்னேன். ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. மூன்றாவது தடவை அது என் விரலைப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. பெரியம்மா வந்து பிரித்து எடுத்தாள்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் ஏன் அப்படி வெளுத்திருந்தது என்று தெரியவில்லை. அசதியாக இருக்கும்.

இந்த வீட்டில் இன்றைக்கு என்னை எல்லாரும் பார்த்தார்கள்.

பிப்ரவரி 28, வெள்ளி

எனக்கு அம்மை போட்டிருக்கிறது.

நேற்று விடிந்ததும் பெரியம்மாதான் பார்த்தாள். முகம், கழுத்து, முதுகு எங்கும். "ஐயோ, தாயே!" என்று வாயில் கையை வைத்தாள். அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. என்னை முன்னறையில் போட்டுவிட்டார்கள். நடு அறைக்குப் போகிற கதவைப் பூட்டிவிட்டார்கள். தாழ்ப்பாள் அந்தப் பக்கம். அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டதால் அவர் மட்டும் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி என்னிடம் வந்துபோகிறார். வாசலில் வேப்பிலை. எங்கள் வீட்டில் இனி தாளிக்க மாட்டார்கள். யாரும் உள்ளே வர மாட்டார்கள். அரிக்கிற இடத்தை நகத்தால் தொடக் கூடாது, வேப்பங்கொழுந்தால் தடவ வேண்டும். தலை சீவக் கூடாது. கண்ணாடியையும் எடுத்துப்போய்விட்டார்கள். எழுதக் கூடாது என்றும் பெரியம்மா சொன்னாளாம். அப்பா டைரியை வேட்டியில் மறைத்துக் கொண்டுவந்து தந்தார்.

இன்னொன்று. என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாதாம். அம்மன் வந்து இறங்கியிருக்கிறாளாம். அப்பா கஞ்சியை நீட்டி, "தாயி, கொஞ்சம் குடிங்க" என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. அவர் போன பிறகு அழுகை வந்தது.

மார்ச் 1, சனி

கதவு வழியாக எல்லாம் கேட்கிறது. டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டுவந்து அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு வருமா வராதா என்று பதினாறு, பதினேழு நாள் பார்த்தால்தான் தெரியுமாம். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு வந்தால் கஷ்டமாம். அம்மாவுக்கு முன்பே வந்திருப்பதால் கொஞ்சம் லேசாக இருக்கலாமாம். இருக்கலாம் என்றுதான் சொன்னாராம்.

"பேர் வைக்கும்போதே இவளுக்கு இருந்திருக்குமோ?" என்று பெரியம்மா கேட்டாள்.

"இல்லக்கா" என்றாள் அம்மா. "நான்தான ஹூக்கு மாட்டிவிட்டேன். முதுகு பளிங்கு மாதிரி இருந்தது."

கொசு கடித்திருந்தது என்று அம்மாவே சொன்னாளே. மறந்துவிட்டாள் போல.

மார்ச் 2, ஞாயிறு

அப்பா ஒரு துணி கொண்டுவந்து விரித்துவிட்டார். பாக்கு நிறச் சேலை. "பாய் குத்தும்னு அம்மா குடுத்துவிட்டா" என்றார். தொட்டிலுக்கு வேறு சேலை கட்டிவிட்டார்களாம்.

பால் வாசனை அடிக்கிறது. ஓரத்தை விரலில் சுற்றிப் பார்த்தேன். விரல் முழுக்கக் கொப்புளம், சுற்ற முடியவில்லை.

மார்ச் 3, திங்கள்

எண்பத்து மூன்று வரை எண்ணினேன். முதுகை எண்ண முடியாது.

மார்ச் 5, புதன்

அம்மா என்னிடம் பேசவே இல்லை. இன்றோடு ஏழு நாள். ஒரு கதவுதான் நடுவில். அதனிடம் நாள் முழுக்கப் பேசுகிறாள். "என்னல, என்ன பாக்கே, வயிறு நெறஞ்சுட்டா?" என்கிறாள். அதற்கு என்ன புரியப்போகிறது? என்னிடம் சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை கேட்டால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா?

மத்தியானம் எல்லாரும் அசந்திருக்கும்போது கதவுக்குக் கீழே ஒரு நிழல் வந்து நிற்கிறது. ரொம்ப நேரம் நிற்கிறது. அப்புறம் போய்விடுகிறது. நேற்றும் வந்தது. பெரியம்மா வேவு பார்க்கிறாள். நான் சொறிகிறேனா என்று பார்க்கத்தான். நான் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

முதல் தண்ணீர் ஊற்றினார்கள். வெயிலில் வைத்த தண்ணீர், வேப்பிலை, மஞ்சள். பெரியம்மாவே வந்து ஊற்றினாள். கொல்லையில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்து அவள் கண் கலங்கியது. "என் தாயி, எலும்பா போய்ட்டீயளே" என்றாள். இப்போது இவளைத் திட்டவும் முடியவில்லை.

கொல்லையிலிருந்து நடு அறை ஜன்னல் தெரியும். அம்மா ஜன்னலில் நின்றாள். நான் நிமிர்ந்து பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டாம் தண்ணீர். அதற்கு இன்னும் ஒன்றும் இல்லை. அப்பாவிடம் தினமும் கேட்கிறேன். "ஒண்ணுமில்ல தாயி, கொழுகொழுன்னு இருக்கான்" என்கிறார்.

ஒரு விஷயம் எழுத வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.

மார்ச் 11, செவ்வாய்

மூன்றாம் தண்ணீர். இனி பெயர் சொல்லிக் கூப்பிடலாம். அப்பா "உலகு" என்று கூப்பிட்டார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

பொருக்கு எல்லாம் உதிர்ந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும் என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். பரவாயில்லை. பதினாறாம் நாள் நாளை மறுநாள். அதையும் தாண்டிவிட்டால் அதற்கு ஒன்றும் இல்லை. அப்படி மட்டும் நடந்தால் பாக்கு நிறச் சேலையை அதற்கே கொடுத்துவிடுவதாக அம்மனிடம் சொல்லியிருக்கிறேன். இனி கேட்கவே மாட்டேன்.

மார்ச் 12, புதன்

காலையில் கதவு திறந்தது. தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். அப்பா நின்றார்.

"பொருக்கு இன்னும் உதிரலையேப்பா" என்றேன்.

"இனி எதுக்குக் கதவு" என்றார்.

குற்றாலிங்கத்துக்கு நெற்றியில் இரண்டு, நெஞ்சில் ஒன்று.

இத்தனை நாள் அந்தக் கதவு எப்போது திறக்கும் என்று கிடந்தேன். நான் எழுந்து போய் அதை மறுபடியும் சாத்தினேன். அப்பா திறந்தார். நான் சாத்தினேன். "ஏட்டி, என்ன இது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் வயிற்றில் முகத்தை வைத்து அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

மார்ச் 13, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

அது கொசுக்கடி இல்லை. வயிற்றில் இருந்தது நீர் கோத்திருந்தது. மெர்சி பற்றி டீச்சர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. குளியலறையில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சொன்னால் பட்டுப்பாவாடை இல்லை, வெற்றிலை இல்லை, பெரியம்மா மடியில் வைத்துப் பெயர் சொல்லிவிடுவாள். ஒரு நாள்தானே, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அம்மா கொசு என்று சொன்னபோது, அப்பாடா, ஏமாந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

குனிந்து அவன் காதில் சொன்னேன். மூச்சு படும் அளவுக்குப் பக்கத்தில். மூன்று தடவை.

அவனுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. பால் குடிக்கவில்லை. அழக்கூட மாட்டேன் என்கிறான், முனகுகிறான். டாக்டரம்மா மருந்து கொடுத்திருக்கிறார். நாளைக்குள் பால் குடிக்காவிட்டால் திருநெல்வேலிக்குக் கொண்டுபோக வேண்டுமாம். அம்மா அவனை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி, காலை

இன்னும் குடிக்கவில்லை.

மார்ச் 14, மத்தியானம்

அப்பா வேன் பேசப் போனார். பெரியம்மா துணிகளைப் பையில் அடுக்கினாள். பன்னிரண்டு மணி இருக்கும், அவன் வாயைத் திறந்து தேடினான். அம்மா எடுத்து வைத்தாள். முதலில் விட்டுவிட்டான். அப்புறம் பிடித்துக்கொண்டான். அவன் விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. பெரியம்மா பையைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா வேனோடு வந்தார். வேனைத் திருப்பி அனுப்பினார்.

மார்ச் 18, செவ்வாய்

மொத்தம் பதினான்கு முத்துதான். நான் எண்ணிவிட்டேன். முதுகையும் சேர்த்து. என்னுடையதில் கால்வாசி கூட இல்லை.

காய்ச்சல் இல்லை. என்னைப் பார்த்தால் காலை உதைக்கிறான். பெரியம்மா அவனை "ஐயா, சாமி" என்று வாங்க போங்க போட்டுக் கூப்பிடுகிறாள். அவன் அவள் சேலையிலேயே மூத்திரம் போகிறான்.

அம்மா என்னிடம் துணி கேட்கிறாள், தண்ணீர் கேட்கிறாள். வேறு ஒன்றும் பேசவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அவனுக்கும் மூன்று தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. இன்றைக்குப் பெரியம்மா சுரண்டைக்குக் கிளம்பினாள். போகும்போது என் கன்னத்தைத் தடவி, "தழும்பெல்லாம் மறஞ்சிரும், கவலப்படாத. பச்ச மஞ்சள் தேச்சுக் குளி" என்றாள். அப்பா பஸ் ஏற்றிவிடப் போனார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

அவன் புதுத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் பாக்கு நிறச் சேலையைத் துவைத்து, காயவைத்து, மடித்து அம்மாவிடம் நீட்டினேன். "இதையே கட்டும்மா. அம்மன்கிட்ட சொல்லிட்டேன். எனக்கு வேண்டாம்."

அம்மா வாங்கவில்லை. "இங்கன உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அம்மா, அன்னைக்கு..."

"நான் மொதல்ல சொல்லுதேன்" என்றாள். தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டே பேசினாள், என்னைப் பார்க்காமல். "அன்னைக்கு ஒன் முதுகுல இருந்தது கொசுக்கடி இல்லன்னு எனக்குத் தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"கொசு கடிச்சா நீர் கோக்குமா? எனக்கு எட்டு வயசுல வந்தது, எனக்குத் தெரியாதா? ஹூக்கு மாட்டையில பார்த்துட்டேன்."

"பெறவு ஏம்மா சொல்லல?"

அம்மா தொட்டிலை ஆட்டிவிட்டாள். "பட்டுப்பாவாடயக் கட்டிக்கிட்டு வாய்க்குள்ளயே பேரச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு நின்ன. ஒரு மாசமா இந்த வீட்ல நீ சிரிச்சு நான் பாக்கல. அன்னைக்குத்தான் சிரிச்ச. எப்படிட்டி சொல்லுவேன்? போய் முன்னறைல படுன்னு எந்த வாயால சொல்லுவேன்? ஒரு நிமிஷந்தான, மூணு வார்த்ததானன்னு நெனச்சுட்டேன். பெத்தவ நெனைக்கிற நெனப்பா அது?" அம்மா தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். "இவனுக்கு ஒண்ணு ஆகியிருந்தா நானே கொன்ன மாதிரிதான்."

"எனக்கும் தெரியும்மா. வயித்துல ஒண்ணு பாத்தேன். குளிக்கையிலேயே."

"தெரியும்" என்றாள். "ஒன் முகத்துல இருந்துச்சு."

நான் அழுதேன். அம்மாவும் அழுதாள். சத்தம் போடாமல்தான், தொட்டில் ஆடிக்கொண்டே இருந்தது.

"ஏம்மா எங்கிட்ட பேசவே இல்ல?"

"தெனமும் மத்தியானம் வந்து கதவுகிட்ட நிப்பேன். வாய்திறந்தா எல்லாத்தையும் கொட்டிருவேன்னு பயம். அக்கா பக்கத்துலயே இருந்தா."

அந்த நிழல். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேனே.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா மூக்கைச் சிந்தி, முந்தானையால் என் முகத்தையும் துடைத்தாள். வழக்கம்போல அழுத்தித் துடைத்தாள், பொருக்கு உதிர்ந்த இடம் எரிந்தது.

"அப்பாட்ட சொல்லணுமாம்மா?"

"வேண்டாம். அவுக தாங்க மாட்டாவ." பிறகு கேட்டாள், "ஒன் டைரில அன்னைக்கு என்னட்டி எழுதின?"

"கொசுக்கடின்னு."

"அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அவன் விழித்துக்கொண்டு அழுதான். அம்மா எழப் போனாள். நான் முதலில் எழுந்து அவனைத் தூக்கினேன். நெற்றியில் இரண்டு தழும்பு, என் நெற்றியிலும் இரண்டு. காதோரம் குனிந்து அவன் பெயரைச் சொன்னேன். அழுகையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தான். அம்மா பாக்கு நிறச் சேலையை எடுத்து எங்கள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் போர்த்திவிட்டாள். மார்ச் மாத வெயிலில் யாராவது போர்த்துவார்களா? நான் அதை விலக்கவில்லை.

இப்போது பிப்ரவரி 26-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மார்ச் 13-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடப் போனேன். பிறகு வேண்டாம் என்று கிழித்ததை மறுபடியும் உள்ளே வைத்து மூடிவிட்டேன். இந்த டைரியை எடுத்துப் படித்தால் அம்மா ஒருத்திதான் படிப்பாள். பிப்ரவரி 26-ஆம் தேதிப் பக்கத்தில் கொசுக்கடி என்றுதான் இருக்கிறது. அதை நான் அடிக்கவில்லை.